மலைக் கிராமத்து மளிகைக் கடைக்கும் டிஷ் வேண்டும்

செயற்கைக்கோள் மூலம் இணையத் தொடர்பு தரும் உரிமம் நமது நாட்டில் ஒன்வெப், ஜியோ நிறுவனங்களைத் தொடர்ந்து 2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கும் கிடைத்தது. செல்போன் கோபுரம் எட்டாத மலைக் கிராமங்களுக்கு விடிவுகாலம் என்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே கடை வைத்திருக்கும் நம் சிறு வியாபாரியை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

சிக்னல் இல்லாத ஊரில் கூலிப் பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. கையில் ரொக்கம் இல்லை. வாடிக்கையாளர் கடன் சொல்கிறார். அல்லது பணம் எடுக்க டவுனுக்குப் போனவர், மாதச் சாமானையும் அங்கேயே வாங்கி வந்துவிடுகிறார். நஷ்டம் உள்ளூர்க் கடைக்கு.

1975-76ல் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் பெற்று, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ தொலைக்காட்சி காட்டியது. வீட்டுக்கு ஒரு பெட்டி அல்ல, ஊருக்கு ஒரு பெட்டி. எஸ்.டி.டி. பூத் பரவியதும் அப்படித்தான். போன் இல்லாதவரும் கடைக்கு வந்து, பேசிய நேரத்துக்குக் காசு கொடுத்தார். நம்மில் பலர் மளிகையோடு பூத்தும் நடத்தியவர்களே!

ஆளுக்கொரு கருவி என்று இறங்கிய இரிடியம் என்ன ஆயிற்று? 66 செயற்கைக்கோள்கள், சுமார் 500 கோடி டாலர் முதலீடு. 1998 நவம்பரில் சேவை தொடங்கி, 1999 ஆகஸ்டில் திவால் மனு. போன் ஒன்று சுமார் 3,000 டாலர் என்றால் எந்தக் கிராமத்தில் விற்கும்?

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுபவை. 36,000 கி.மீ. உயரத்துப் பழைய வகைபோல் தாமதம் இல்லை. பலத்த மழையில் சற்றுத் தடுமாறும், கரண்ட்டும் வேண்டும். மற்றபடி யு.பி.ஐ., ஜி.எஸ்.டி. வேலைகளுக்குத் தாராளம்.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற பி.எம்.-வாணி திட்டப்படி, பெட்டிக் கடைக்காரரும் உரிமம் இன்றிப் பொது வைஃபை விற்கலாம். அதில் டிஷ் இணைப்பையும் சேர்த்தால் ஒரு கடையால் ஊரே பயன்பெறும். 2025 மே மாதம் டிராய், நகரச் சந்தாதாரருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணமும் கிராமத்துக்கு விலக்கும் பரிந்துரைத்தது. வரவேற்கிறோம். ஆனால் கடை என்றதும் 'வணிக இணைப்பு' என்று கூடுதல் வாடகை கேட்டால் அந்தச் சலுகையால் நமக்கு என்ன லாபம்?

கிராமக் கடைக்கு வீட்டுக் கட்டணமே வேண்டும். மறுவிற்பனைக்கு அனுமதி வேண்டும். டிஷ் விலையைத் தவணையில் செலுத்த வழி வேண்டும். கிளைச் சங்கங்கள் தங்கள் பகுதியில் சிக்னல் இல்லாத ஊர்க் கடைகளின் பட்டியலை இம்மாத இறுதிக்குள் தலைமைக்கு அனுப்பினால், கோரிக்கை மனுவுடன் இணைத்து அனுப்ப வசதியாக இருக்கும்.