அது சொல்லட்டும், நீங்க என்ன சொல்றீங்க?

‘ரேகை விழலையே பாட்டி... நாளைக்கு வாங்க.’

எந்த ஊர் ரேஷன் கடையிலும் நீங்கள் இதைக் கேட்டிருக்கலாம். விளாத்திகுளம் பக்கம் வேலிக்கருவை வெட்டி, மூட்டம் போட்டு, கரி அள்ளிய விரல்கள். தேயாமல் என்ன செய்யும்? ஏன் அரிசி இல்லை என்று கேட்டால் கடைக்காரர் மெஷினைக் காட்டுவார். மெஷின் யாரைக் காட்டும்?

இந்தக் கேள்வி இப்போது பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறது. 2018-லேயே சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் எடுக்கும் கருவி வந்துவிட்டது. 2025-ல் டி.என்.ஸ்பார்க் என்ற பெயரில் அரசுப் பள்ளிகளுக்குச் செயற்கை நுண்ணறிவு பாடமாகவே வந்தது. பாடம் வரட்டும். நம் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் விடைத்தாள் திருத்தவும், யார் தேறுவார் என்று ஆரூடம் சொல்லவும், யாருக்கு ஸ்காலர்ஷிப் என்று வடிகட்டவும் மெஷினை உட்காரவைத்தால்? எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

வீண் பயம் இல்லை. 2020-ல் கொரோனாவால் பிரிட்டனில் ஏ-லெவல் பரீட்சை நடக்கவில்லை. நம்ம ப்ளஸ் டூ மாதிரி. செயற்கை நுண்ணறிவுகூட வேண்டியிருக்கவில்லை. வெறும் கணக்குச் சூத்திரம் ஒன்றை வைத்து கிரேடு போட்டார்கள். முந்தைய வருடங்களில் அந்தப் பள்ளி எப்படித் தேறியது என்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீடுகளில் கிட்டத்தட்ட 40 சதவிகிதம் கீழே இறங்கின. சின்னச் சின்ன வகுப்புகள் நடத்தும் தனியார் பள்ளிகள் ஆதாயம் அடைந்தன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில் அரசு பின்வாங்கியது. பிரதமர் போரிஸ் ஜான்சன் பழியைத் தூக்கி அந்தச் சூத்திரத்தின் தலையில் போட்டார். சூத்திரம் தானாகவா நடந்து வந்தது?

இதை விளாத்திகுளத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மானாவாரிக் காட்டில் மிளகாய் பறிக்கும் குடும்பத்துப் பெண். மழை பொய்த்த வருடம் அவள் பள்ளியில் பல பிள்ளைகள் கூலிக்குப் போனார்கள், தேர்ச்சி குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். இந்த வருடம் நன்றாகப் படிக்கிற இவளை அந்தப் பழைய கணக்கு கீழே இழுக்கும். வானம் செய்த தப்புக்கு இவளுக்குத் தண்டனை.

கட்டுரையில் அவள் வீட்டுப் பேச்சு எட்டிப் பார்த்தால்? கரிசல் மக்களின் சொற்களுக்காகத் தனி அகராதியே தொகுத்தார் கி.ராஜநாராயணன். 1982-ல் வந்தது. திருத்த வருகிற மெஷின் யாருடைய தமிழைப் படித்துவிட்டு வருகிறது?

அரசு இதையெல்லாம் யோசிக்கவில்லையா? யோசித்தது. 2020 செப்டம்பரிலேயே தமிழக அரசு, செயற்கை நுண்ணறிவைப் பாதுகாப்பாகவும் அறத்தோடும் பயன்படுத்த ஒரு கொள்கையை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, தணிக்கை, பொறுப்பேற்பு, நியாயம் எல்லாம் அதில் உண்டு. மக்கள் மத்தியில் விடுவதற்கு முன் மெஷினுக்கே மார்க் போட வேண்டும் என்கிறது. அந்த மார்க் ஷீட்டுக்கு டீப்-மேக்ஸ் என்று பெயர்கூட வைத்தார்கள். பிள்ளைகளின் மார்க் ஷீட் நம் கைக்கு வருகிறது. மெஷினின் மார்க் ஷீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

மூன்றே மூன்று விஷயம் கேட்போம்.

ஒன்று, பள்ளிக்குள் வரும் ஒவ்வொரு மெஷினின் மார்க் ஷீட்டும் நோட்டீஸ் போர்டில், தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டு, பிள்ளையின் முகமும் மார்க்கும் எங்கே போகின்றன, யாரிடம் இருக்கின்றன என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது.

மூன்று, மெஷின் எந்த முடிவு எடுத்தாலும் அதன் கீழே ஒரு மனிதர் கையெழுத்துப் போட வேண்டும். பெயரோடு. அவரிடம் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும்.

மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் சும்மா.

உங்கள் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கேளுங்கள். ‘கம்ப்யூட்டர் அப்படித்தாம்மா சொல்லுது’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடாதீர்கள்.

‘அது சொல்லட்டும் சார். நீங்க என்ன சொல்றீங்க?’