ஒற்றைப் பெயர்க்காரர்கள்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் டன்லப் ஸ்திரீட்டில், ஊருக்குப் போக விமானச் சீட்டு எடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பியின் கைபேசியில் பார்த்தது இன்னும் மனத்தை அறுக்கிறது.

“அண்ணே, குடும்பப் பேரு கேக்குது. எனக்கு ஒரே பேருதானே?” என்றார். கடப்பிதழிலும் அவருக்கு அந்த இடம் காலிதான். உள்ளபடியே காலியாக விட்டு அழுத்தினார். ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்’ என்று ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. திரும்ப அழுத்தினாலும் அதே பக்கம்தான். கட்டத்தில் ஓர் எழுத்தைப் போட்டதும் அடுத்த பக்கம் திறந்தது. “ஏதாவது ஒண்ணு போட்டுவிடு தம்பி, எல்லாரும் அதான் செய்யுறாங்க” என்றார் பக்கத்தில் நின்றவர். கடப்பிதழில் இல்லாத அந்த எழுத்துக்கு நாளை விமான நிலையத்தில் பதில் சொல்லப்போவது அந்தத் தம்பிதான்.

பெயர்க் கட்டங்கள்மேல் எனக்கிருக்கும் கோபம் இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். எனக்குச் சோறு போடுவது நிரல் எழுதும் வேலை என்பதால் இம்முறை அந்தப் பக்கத்தின் உள்ளே போகிறேன்.

‘குடும்பப் பெயரை எடு, பெரிய எழுத்தாக்கு.’ இப்படி ஒரு வரி அங்கே எங்கோ இருந்திருக்கும். காலிக் கட்டத்தைச் சில செயலிகள் வெற்றுச் சரமாக, அதாவது ஓர் எழுத்தும் இல்லாத சொல்லாக, அனுப்பும். அதனால் கெடுதல் இல்லை, வெற்றுச் சரத்தையும் பெரிய எழுத்தாக்கலாம். வேறு சில, அங்கே எதுவுமே இல்லை என்று அனுப்பும். ரூபி நிரல்மொழியில் அதற்கு நில் என்று பெயர், ஜாவாவில் நல். பெரிய எழுத்தாக்கும் கட்டளை, நிரலாளர் பேச்சில் மெத்தட், சரத்துக்கு உண்டு, நில்லுக்குக் கிடையாது. அப்படி ஒரு மெத்தட் நில்லுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு நிரல் அங்கேயே நின்றுவிடும். முழுப் பெயரை இடைவெளியில் வெட்டி இரண்டாம் துண்டை எடுக்கும் நிரலுக்கும் ஒற்றைப் பெயர்க்காரர் வந்தால் இதே கதிதான்.

பிழைச்செய்தி காட்டுவது நிரல் விழுந்த வரியை. காலி உள்ளே நுழைந்த இடம் அதற்கு வெகு முன்னால், வேறொரு கோப்பில் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி நடந்து தேடுவதுதான் வேலை. அவசரக்காரர்கள் தேடமாட்டார்கள். 2015 டிசம்பரில் வந்த ரூபி 2.3, நில் வந்தால் மெத்தடை அழைக்காமல் கடந்துபோக ஒரு குறியைத் தந்தது. விழுந்த வரியில் அதைச் செருகினால் பிழைச்செய்தி மறையும், காலி மறையாது. பெயரில்லாத பயணச்சீட்டாக அது வேறெங்கோ தலைகாட்டும். இந்த இடம் காலியாக இருப்பது நியாயமா என்று முதலில் கேட்கவேண்டும். தரவுத்தளத்தில் இருக்கவேண்டிய பயணி இல்லை என்றால் வாசலிலேயே நிறுத்திச் சத்தம் போடவேண்டும். ஒரு மனிதருக்குக் குடும்பப் பெயர் இல்லையென்றால் அது நியாயமான காலி. அதற்கு இடம் விட்டு எழுதவேண்டியது நிரலாளரின் கடமை.

இந்த நல்லை நிரல்மொழிக்குள் கொண்டுவந்த டோனி ஹோர் 1934இல் கொழும்பில் பிறந்தவர். குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தவர், 1980இல் கணினித் துறையின் டூரிங் விருது பெற்றவர். 1965இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக அதைச் சேர்த்தார், செய்வதற்கு எளிதாக இருந்தது என்பதால். 2009இல் லண்டன் மாநாடு ஒன்றில் அதையே தன் நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார். அத்தனை பெருமைக்குரியவர் மேடையேறி அப்படிச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். அவர் சொன்ன பிறகும் பாடம் முடியவில்லை. 2025 ஜூன் 12 அன்று, காலிப் புலங்கள் கொண்ட ஒரு கொள்கைத் தரவு கூகுள் கிளவுட்டுக்குள் போனது. சில நொடிகளில் அது உலகெங்கும் பரவியது, நல்லில் தடுக்கிய சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின.

கூகுள் எழுந்துவிடும். ஒற்றைப் பெயர்க்காரருக்குத்தான் போகுமிடமெல்லாம் இடறல். பேட்ரிக் மெக்கென்சி என்ற நிரலாளர் 2010இல் எழுதிய கட்டுரையை வேலைக்குச் சேரும் ஒவ்வோர் இளைஞருக்கும் கொடுக்கிறேன். மனிதப் பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் வைத்திருக்கும் 40 பொய் நம்பிக்கைகளை வரிசையாக அடுக்குகிறார். எல்லாருக்கும் பெயர் என்று ஒன்று இருக்கும் என்பதுகூட அதில் ஒரு பொய் நம்பிக்கை. படிக்கும்போதெல்லாம் நம் தலைப்பெழுத்தும், இன்னாரின் மகன், மகள் என்று சொல்லும் எஸ்/ஓ, டி/ஓக்களும் கண்முன் வரும்.

நாம் இருக்கும் வட்டாரத்தைப் பாருங்கள். இந்தோனேசியாவின் முதலிரு அதிபர்கள் சுகார்னோ, சுஹார்த்தோ இருவரும் ஒற்றைப் பெயர்க்காரர்கள். மலாய்க்காரர் பின், பிந்தி போட்டு எழுதுவது தந்தை பெயரை. சிங்கப்பூர்க் கடப்பிதழ் பெயருக்கு ஒரே கட்டம்தான் வைத்திருக்கிறது. அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின், கடப்பிதழ்களுக்கான 9303ஆம் ஆவணமும், பிரிக்க முடியாத பெயரை முழுதாக ஒரே பகுதியில் எழுத இடம் தருகிறது. ஆனாலும் அமெரிக்க விசாவில் நம் ஆட்கள் எஃப்என்யூ, அதாவது ‘முதற்பெயர் தெரியவில்லை’, ஆகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகள் ஒற்றைப் பெயர்க் கடப்பிதழுக்கு வருகை விசா இல்லை என்றது. கடப்பிதழில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. அதற்குள் எத்தனை பேர் பயணத்தைத் தள்ளிப்போட்டிருப்பார்கள்!

இங்கே நிரல் எழுதும் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் நிறுவனத்தின் படிவத்தை வெளியிடும் முன் உங்கள் தாத்தாவின் பெயரை அதில் அப்படியே போட்டுப் பாருங்கள். பக்கம் விழுந்தால் அந்தக் கட்டத்திலிருந்து கட்டாயக் குறியை எடுக்கச் சொல்லுங்கள், காலியை ஏற்கும்படி நிரலையும் திருத்துங்கள். மேலாளர் மறுத்தால் விடாமல் வாதாடுங்கள்.