ஓய்வு பெற்றோருக்கு ஒரு பணி

2021 டிசம்பரில் வெள்ளம் புகுந்த தாமான் ஸ்ரீ மூடாவை நாம் மறக்கவில்லை. உணவுப் பொட்டலங்கள் வந்து குவிந்தன. ஆனால், நீர் வடிந்தபின் ஊறிப்போன கதவையும் பழுதான மின்கம்பியையும் மாற்றித் தருவது யார்? அதற்குத் தொழிலறிவு வேண்டும். வார நாளில் நேரமும் வேண்டும். இரண்டும் வாய்த்தவர்கள் பணி ஓய்வு பெற்றவர்களே.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் 2019 வரை, தம் 95ஆம் வயதிலும், வசதியற்றோரின் வீட்டுப் பணிகளில் கைகொடுத்தார்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் மாணவர்களின் தாத்தாக்களுள் தச்சர், கொத்தனார் இல்லையா? பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அவர்களின் பெயர்ப்பட்டியலை இன்றே தொகுக்கலாம். மின்வேலையை உரிமம் பெற்றவரே செய்யட்டும். சாயம் பூச ஆசிரியர்களாகிய நாமே போதும்! வீட்டாரின் விருப்பத்தை முதலில் கேளுங்கள். பிள்ளைகளை வாசலில் நிறுத்திப் படமெடுக்க வேண்டா.