பேட்டரிக் கிடங்கு யார் வீட்டுக் கொல்லையில்?

காற்றாலை, சூரிய ஒளி மின்சாரத்தைச் சேமிக்க ராட்சத பேட்டரிக் கிடங்குகள் அமைக்க 2025ல் தமிழக அரசின் மின் நிறுவனம் டெண்டர் விட்டது. வரவேற்கிறோம். மின்வெட்டு வந்தால் முதலில் நிற்பது ஏழையின் தறிதானே! ஆனால் எங்கே அமைக்கப் போகிறார்கள்?

2025 ஜனவரி 16ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மாஸ் லேண்டிங் கிடங்கு பற்றி எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அணைந்துவிட்டதாக நினைத்த பேட்டரிகள் பிப்ரவரியில் மீண்டும் எரிந்தன. தென்கொரியாவில் 2017 முதல் 2019க்குள் இப்படி 20க்கும் மேற்பட்ட விபத்துகள். லித்தியம் தீ ஒரு வண்டித் தண்ணீருக்கு அடங்காது. அதன் புகையும் நச்சு.

பெட்ரோல் பங்க் பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று 2020ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பேட்டரிக் கிடங்குக்கு எத்தனை மீட்டர்?

இவை பெரும்பாலும் துணை மின்நிலையங்களை ஒட்டியே வரும். சேலம் - மேட்டூர் பாதையிலிருக்கும் ஓமலூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதியல்ல. மின்கோபுரத்தடியில் குடியிருப்பவர் யார்? நிலம் மலிவென்று ஒதுங்கிய நெசவாளியும் கூலித் தொழிலாளியும்தான், எந்தச் சமுதாயமானாலும்.

குடியிருப்பிலிருந்து தூரம், தண்ணீர்த் தொட்டி, தீயணைப்புத் துறை ஒப்புதல், கிராம சபையில் விளக்கம் - இவற்றை அரசாணையாக எழுதிய பிறகு அடிக்கல் நாட்டட்டும்.