ஆவி வந்தது, ஆசை வரவில்லை

பேய் உண்டா, இல்லையா என்று வழக்காட நான் வரவில்லை. இயற்பியல் பயிலும் எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் விளக்கணைந்து திரை ஒளிர்ந்துவிட்டால், இரண்டரை மணி நேரம் நம்புவதற்கு நான் ஆயத்தம். நான் கேட்பது ஒன்றே ஒன்று: வருகிற ஆவிக்கு வரக் காரணம் இருக்கவேண்டும்.

1979இல் வெளிவந்த 'கல்யாணராமன்' அந்தக் காரணத்தைக் கொடுத்தது. ஜி. என். ரங்கராஜன் இயக்கிய அப்படத்தில் கமல்ஹாசனுக்கு இரட்டை வேடம். எத்துப்பல்லும் வெள்ளை உள்ளமும் கொண்ட கல்யாணம், ஸ்ரீதேவி நடித்த செண்பகத்தின்மேல் உயிரையே வைக்கிறான். கயவர்கள் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். உடல் போயிற்று, ஆசை போகவில்லை. உடன்பிறந்த ராமனைத் தேடிவந்து, அவன் உடலிற் புகுந்து பழிதீர்க்கிறது ஆவி. வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஆயினும் வாழவேண்டிய வயதில் வாழாமற்போன ஒரு வெகுளிப் பிள்ளையின் ஏக்கம் நெஞ்சைவிட்டு அகல்வதில்லை.

1985இல் வந்தது 'ஜப்பானில் கல்யாணராமன்'. தொடர்ச்சிப் படம் என்பதே தமிழில் அரிதாயிருந்த காலம் அது. அதே பஞ்சு அருணாசலம், அதே இளையராஜா, அதே கமல்ஹாசன். இயக்கம் எஸ். பி. முத்துராமன், நாயகி ராதா, வில்லன் சத்யராஜ். எல்லாரும் இருந்தார்கள், ஆவிக்குத்தான் வேலை இல்லை! பழி முன்பே தீர்ந்தது. காதல் முதற்படத்தோடு முடிந்தது. முன்பு ஏங்கித் தவித்த ஆவி, இப்போது ராமனுக்கு இடர் வந்தால் ஓடிவரும் ஏவலாளாகிவிட்டது. காக்க ஓர் ஆவி காத்திருக்கும்போது, நாயகனுக்காக நாம் ஏன் அஞ்சவேண்டும்?

நம் டில்லியில், பெரோஸ் ஷா கோட்லாவின் இடிந்த கோட்டைக்கு வியாழக்கிழமைதோறும் மக்கள் போகிறார்கள். அங்கே ஜின்கள் உறைவதாக நம்பி, தம் குறைகளைக் கடிதமாக எழுதி வைக்கிறார்கள். ஆவியுலகத்தை மனிதனோடு பிணைப்பது குறைதான் என்று அவர்களுக்குத் தெரியும். படமெடுத்தவர்கள் அதை மறந்தார்கள்.

ஆங்கிலத்திலும் இந்த ஏமாற்றம் உண்டு. 2008இல் வந்த 'ட்வைலைட்' படத்தின் தொடர்ச்சியாக, 2009இல் 'நியூ மூன்' வந்தது. இரத்தக்காட்டேரிக் காதலன் எட்வர்டு பிரிந்துபோகிறான். பெல்லா மாதக்கணக்கில் நாற்காலியில் அமர்ந்து வாடுகிறாள். அலுப்பூட்டும் படந்தான். எனினும், மானிடப் பெண்ணாகவே இருப்பதா, அவனைப்போல் மாறுவதா என்ற அவளுடைய கேள்வி அதில் உயிரோடிருக்கிறது. நம் கல்யாணத்துக்கோ கேட்க ஒரு கேள்வியும் இல்லை.

போகட்டும், ஜப்பானையாவது கண்டார்களா? படப்பிடிப்பு நடந்தது 1985இல் த்சுகுபா நகரில் நடைபெற்ற உலக அறிவியற் பொருட்காட்சியில். இசைக்குறிப்பைத் தன் 'கண்'ணாற் படித்து இசைக்கருவி வாசித்த எந்திர மனிதன் அங்கே இருந்தது. மண்ணின்றி நீரில் வளர்ந்த ஒற்றைத் தக்காளிச் செடி ஆயிரக்கணக்கில் காய்த்தது. அறிவியல் படிப்பவன் ஏங்கும் அந்த அரங்கங்களைக் கதைக்குள் கொண்டுவராமல், ஆடலுக்கும் பாடலுக்கும் பின்திரையாக்கிவிட்டது படம்.

பொழுதுபோக்குப் படத்தை இப்படித் தராசில் நிறுப்பதா என்பீர்கள். 1973இல் வந்த 'உலகம் சுற்றும் வாலிப'னும் பொழுதுபோக்குப் படந்தானே? ஒசாகாவில் நடந்த 1970ஆம் ஆண்டுப் பொருட்காட்சியை எம்.ஜி.ஆர். படமாக்கினார்; கூடவே, மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் விஞ்ஞானியைக் கதையின் நடுவில் நிறுத்தினார். அந்த ஆற்றல் அழிவுக்குப் பயன்படுமோ என்ற அச்சமும் கதையில் இருந்தது.

ஊர்விட்டு இத்தனை தொலைவு வந்து படிக்கும் நமக்கு இது சிறு செய்தியன்று. தொலைவு போவது எளிது, பயணச்சீட்டுப் போதும். போன இடத்தை உள்ளத்தில் வாங்குவதன்றோ அரிது? செங்கோட்டை முன்னே நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்புவதோடு டில்லி வாழ்க்கை முடிந்துவிடுமானால், நாமும் ஜப்பான் சென்ற கல்யாணராமர்களே.

நண்பர்களே! ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதுவோர் நம்மிடையே உண்டு. சென்ற ஆண்டு கைதட்டல் பெற்ற பாத்திரத்தை மீண்டும் மேடையேற்றும் ஆசை எவருக்கும் எழும். ஏற்றுங்கள், ஆனால் முதலில் அவனிடம், "உனக்கு இன்னும் என்ன குறை?" என்று கேளுங்கள். விடை வந்தால் எழுதுங்கள். வராவிட்டால், அவனை நிம்மதியாக உறங்கவிடுங்கள்.