ஒரு டிவைஸ், ரெண்டு டெர்மினல்

உங்க லேப் ரெக்கார்டை எடுத்து கேரக்டர் டிவைஸ் டிரைவர் புரோகிராமைப் பாருங்க. மேலேயே ரெண்டு மூணு குளோபல் வேரியபிள் இருக்கும். சீனியர்கிட்டயிருந்து வந்தது, ஜூனியருக்கும் அப்படியே போகும். ஒரு டெர்மினலில் ஓட்டினால் அவுட்புட் வரும், கையெழுத்தும் விழுந்துவிடும்.

எங்க மினி ப்ராஜெக்ட்டும் அந்த வம்சம்தான். வெப்பநிலை சென்சாருக்கு ஒரு டிரைவர். செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்பதை ஐஆக்டில் வழியாகச் சொல்லலாம். ரிவ்யூவுக்கு வந்தவர் ரெண்டாவது டெர்மினல் திறந்து ஃபாரன்ஹீட் கேட்கச் சொன்னார். கேட்டோம். 31 காட்டிக்கொண்டிருந்த முதல் டெர்மினலும் 88-க்குத் தாவியது. "ஏன்?" என்றார். மூணு பேரும் தரையைப் பார்த்தோம்.

லினக்ஸில் ஒரு டிவைஸ் ஃபைலுக்கு ஐநோடு ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு ஓபனுக்கும் கெர்னல் புதிதாக ஒரு ஸ்ட்ரக்ட் ஃபைல் உருவாக்குகிறது. அதில் பிரைவேட் டேட்டா என்றொரு வாய்ட் பாயிண்டர், டிரைவர் எழுதுபவருக்கென்றே விட்ட இடம். ஓபனில் கேமல்லாக் செய்து அதில் மாட்டணும், ரீட், ஐஆக்டிலில் அங்கிருந்து எடுத்துக்கணும், ரிலீஸில் விடுவிக்கணும். கீபோர்டு, மவுஸுக்கான ஈவ்டெவ் டிரைவர் இப்படித்தான் ஓபன் செய்யும் ஒவ்வொருவருக்கும் தனி பஃபர் வைக்கிறது. ஒருவர் படித்ததால் இன்னொருவருக்கு எழுத்து குறைவதில்லை.

"சென்சார் ஒன்றுதானே, எதுக்கு இவ்வளவு?" என்பீங்க. சென்சாரின் நிலை டிவைஸ் ஸ்ட்ரக்சரில் லாக்கோடு இருக்கட்டும். யாருக்கு எந்த யூனிட் வேணும் என்பது சென்சாரின் கவலையா?

நான் தடுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டு. ஓபனுக்கு ஒன்று என்றால் ப்ராசஸுக்கு ஒன்று என்று அர்த்தமில்லை. ஃபோர்க்கும் டூப்பும் அதே ஸ்ட்ரக்ட் ஃபைலைத்தான் பகிர்கின்றன. அதனால் சைல்டு ப்ராசஸ் குளோஸ் செய்தாலும் ரிலீஸ் வராது. கடைசி ஆள் விட்ட பிறகுதான் வரும். பிரிண்ட்கே போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

முதல் புரோகிராமுக்குக் குளோபலே போதும், இதெல்லாம் பிறகு என்கிறார்கள். அந்தப் பிறகு எங்களுக்கு வரவே இல்லை. இத்தனைக்கும் கூடுவது பத்துப் பதினைந்து வரிதான். முதல் டிரைவரிலேயே இது இருக்கட்டும், கையெழுத்துக்கு முன் ரெண்டு டெர்மினலில் ஓட்டச் சொல்லட்டும். நீங்களும் ஜூனியருக்கு ரெக்கார்டைக் கொடுக்கும் முன் அந்த குளோபல் வரிகளை மாத்திட்டுக் கொடுங்க.