சோர்வைக் கண்டு அஞ்சாதீர்!

படபடப்பு குறையட்டும் என்று ஒருவர் காப்பியை விடுகிறார். மதுவையும் விடுகிறார். மறுநாளே தலைவலி! உடல் சோர்வு! "இதற்குத்தானா விட்டீர்கள்?" என்று வீட்டார் கேலி செய்கிறார்கள். அது தவறு.

சோர்வு ஏன் வருகிறது? மூளையில் 'அடினோசின்' என்ற பொருள் உண்டு. களைப்பைத் தெரிவிப்பது அது. காப்பியில் உள்ள 'காபீன்' அதைத் தடுத்து நிறுத்துகிறது. காப்பி நின்றதும் தடை நீங்குகிறது. அடங்கிக் கிடந்த களைப்பு மேலே வருகிறது. 1 நாளில் தொடங்கும் இந்தத் தொல்லை, பெரும்பாலும் 9 நாட்களுக்குள் அடங்கிவிடும்.

காப்பியை ஒரேயடியாக விட வேண்டாம். தினம் 4 டம்ளர் குடிப்பவர் 3 ஆகக் குறைக்கலாம்; பிறகு 2 ஆக்கலாம். தேநீரிலும் காபீன் உண்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாலையில் சிறிது நடக்க வேண்டும். நேரத்தோடு படுக்க வேண்டும்.

மது அப்படி அல்ல. தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கலாம், வலிப்பும் வரலாம். உயிருக்கே ஆபத்து! டாக்டரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அதன் பிறகும் நல்ல உறக்கம் திரும்பச் சில வாரங்கள் ஆகலாம்.

அந்த நாட்களில் அவருக்கு வேண்டியது கேலி அல்ல. மனைவி மக்களின் பொறுமை. சோர்வுக்குப் பயந்து அவர் பழைய வழிக்குத் திரும்பினால், பழைய படபடப்பும் கூடவே திரும்பிவிடும்!